நெய்வேலியின் பதிவேட்டில் இல்லாதவர்கள்

2020 செப்டம்பர் 30 அன்று நெய்வேலியின் முதலாவது அனல்மின் நிலையத்தில் கடைசியாக ஓடிக்கொண்டிருந்த அலகுகளும் நின்றன. 1962 மே மாதம் 50 மெகாவாட் அலகு ஒன்றோடு தொடங்கி, 1970க்குள் 600 மெகாவாட்டாக வளர்ந்து, 58 ஆண்டுகள் உழைத்த நிலையம் அது. அந்த மூடல் பெரிய சச்சரவு எதையும் கிளப்பவில்லை. பக்கத்திலேயே 1,000 மெகாவாட் திறனில் புதிய நிலையம் எழுந்துகொண்டிருந்தது. பழைய நிலையத்தின் நிரந்தர ஊழியர்கள் அதற்கும் மற்ற அலகுகளுக்கும் மாற்றப்பட்டார்கள். நிலக்கரியை விட்டுத் தூய ஆற்றலுக்கு நகரும்போது தொழிலாளர்களை நடுத்தெருவில் விடக்கூடாது என்று இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. அந்த அளவுகோலில் பார்த்தால் நெய்வேலியின் முதல் மூடல் தேர்ச்சி பெற்றதுபோலவே தெரியும். ஆனால் அந்தத் தேர்ச்சி, கம்பெனியின் ஊழியர் பதிவேட்டில் பெயர் இருந்தவர்களை மட்டும் எண்ணிப் பெற்ற தேர்ச்சி. பதிவேட்டுக்கு வெளியே நெய்வேலியால் வாழ்ந்தவர்களும் நெய்வேலியால் வாழ்விழந்தவர்களும் அதைவிடப் பலர். ஒரு மின் நிறுவனம் எவ்வளவு நியாயமாக நிலக்கரியை விட்டு விலகும் என்பதைக் கடைசி நாளில் அறிவிக்கும் நலத்திட்டம் தீர்மானிப்பதில்லை. தொடங்கிய நாள்முதல் யாருடைய பெயரை எழுதியது, யாருடைய பெயரை எழுதாமல் விட்டது என்பதுதான் தீர்மானிக்கிறது. நெய்வேலியின் எழுபதாண்டு வரலாறு இதற்குச் சாட்சி.

தென்னிந்தியாவில் மின்சாரம் மழையை நம்பித் தொடங்கியது. 1932ல் பைக்காரா, 1937ல் மேட்டூர், 1944ல் பாபநாசம் என்று நீர்மின் நிலையங்கள் வந்தன. மழை பொய்த்த ஆண்டுகளில் ஆலைகளுக்கு மின்வெட்டு. அனல்மின் நிலையம் கட்டலாமென்றால் நிலக்கரி வங்காளம், பீகார் பக்கத்திலிருந்து ரயிலிலோ கப்பலிலோ வரவேண்டும். இந்தச் சூழலில்தான் விருத்தாசலத்துக்கும் பண்ருட்டிக்கும் இடைப்பட்ட செம்மண் மேட்டு நிலத்தில் கிடைத்த கறுப்புத் துகள்கள் அரசின் கவனத்துக்கு வந்தன. 1930களில் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு வந்த அந்தத் துகள்களைப் பார்த்து அதிகாரிகளிடம் தெரிவித்தவர் ஜம்புலிங்க முதலியார். 1940களில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை துளையிட்டுப் பார்த்தது. 1953ல் சோதனைச் சுரங்கம் தோண்டப்பட்டது. கீழே இருந்தது பழுப்பு நிலக்கரி. ஈரம் மிகுந்தது, நெடுந்தூரம் கொண்டுபோனால் கட்டுப்படியாகாது, வெட்டிய இடத்திலேயே எரிக்கவேண்டியது. இந்தியாவின் பழுப்பு நிலக்கரி வளத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1956 நவம்பரில், நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவுபெற்றது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961ல் முதல் நிலக்கரி வெளிப்பட்டது. இந்த நிலக்கரியை வெட்டிய இடத்திலேயே எரிக்கவேண்டும் என்பதால் சுரங்கமும் மின் நிலையமும் ஊரும் ஒரே இடத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வளர்ந்தன. ஒன்றை மூடினால் மற்றவையும் ஆட்டம் காணும் என்ற நிலை அன்றே உண்டாகிவிட்டது.

அந்தக் காலத்தின் கனவு பெரியது. மின்சாரத்தோடு யூரியா ஆலையும், பழுப்பு நிலக்கரியை அழுத்திக் கரியாக்கிக் கட்டிகளாகச் செய்யும் ஆலையும் எழுந்தன. ‘லெகோ’ என்ற பெயரில் அந்தக் கரிக்கட்டிகள் தமிழ்நாட்டு அடுப்படிகளுக்கு வந்தன. மின் நிலையத்துக்கு சோவியத் கடனும் இயந்திரங்களும், சுரங்கத்துக்கு ஜெர்மனியின் ராட்சதச் சக்கர மண்வெட்டி எந்திரங்களும் வந்தன. வட்டம் வட்டமாகப் பிரித்துக் குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை, பூங்கா, மரநிழல் விழும் அகலச் சாலைகள் என்று ஒரு நகரியம் உருவானது. ஊழியர் குடும்பத்துக்கு அது அரசு கொடுத்த முழு வாழ்க்கை. ஆனால் நகரியத்தின் எல்லையைத் தாண்டியதும் இன்னொரு உலகம் தொடங்கியது. மந்தாரக்குப்பமும் அதைச் சுற்றிய கிராமங்களும் கம்பெனியின் சந்தையாகவும் கூலிச் சந்தையாகவும் இருந்தன. கம்பெனியின் பொறுப்பாக இருக்கவில்லை. அடுப்படியில் சமையல் எரிவாயு பரவியதும் ‘லெகோ’ மறைந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஆலையும் யூரியா ஆலையும் மூடப்பட்டன. ஒரு தொழில் முடிவுக்கு வருவது நெய்வேலிக்கு 2020ல் புதிதாக நேர்ந்த ஒன்றல்ல. அப்போதெல்லாம் அது பெரிய கேள்வியாகாமல் போனதற்குக் காரணம், கம்பெனி இன்னொரு பக்கம் விரிந்துகொண்டிருந்ததுதான். 2020 மூடல் அமைதியாக நடந்ததற்கும் காரணம் அதுவே. விரிவு நிற்கும் நாளில் என்ன செய்வது என்பதற்கு இந்த மூடல்கள் எதிலும் விடை இல்லை.

இனி, எழுதப்படாத பெயர்களைப் பார்க்கலாம். முதல் வரிசையில் நிற்பவர்கள் நிலத்தில் இருந்தவர்கள். அந்தச் செம்மண் பூமியில் முந்திரி, பலா, மணிலா, கம்பு விளைந்தன; தெற்கே இறங்கினால் வாய்க்கால் பாசனத்தில் நெல். 1894ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் கண்ணில் கண்டது பட்டாவை மட்டுமே. பட்டாதாரருக்கு இழப்பீடு உண்டு; அதே நிலத்தில் வாரத்துக்கு உழுதவர், முந்திரிக்கொட்டை பொறுக்கிப் பிழைத்தவர், ஏர் செய்துகொடுத்த தச்சர், கூலிக்கு நடவு நட்ட பெண்கள் ஆகியோர் அந்தச் சட்டத்தின் பார்வையில் அங்கே வசிக்கவே இல்லை. அன்றைய நிலவுடைமை அமைப்பில் பட்டா யாரிடம் இருந்தது, கூலி வேலை யாருக்கு வாய்த்தது என்பது சாதியோடு பிணைந்தது என்பதை விளக்கவேண்டியதில்லை. ஆகவே ஒரே பள்ளம் தோண்டப்பட்டபோது ஒருவருக்குத் தொகை கிடைத்தது, அடுத்தவருக்கு ஊர் மட்டும் போனது. தொகை கிடைத்தவரும் வாழ்ந்துவிடவில்லை. நிலம் என்பது ஆண்டுதோறும் வருமானம் தருவது. இழப்பீடு ஒரே முறை கைக்கு வந்து ஒரே முறை செலவாவது. அதனால்தான் தலைமுறை தலைமுறையாக அங்கே ஒலித்த கோரிக்கை ‘நிலம் கொடுத்தவர் வீட்டுக்கு ஒரு வேலை’ என்பதாக இருந்தது. அந்தக் கோரிக்கையின் உட்பொருள் எளிது: எங்கள் பெயரையும் பதிவேட்டில் எழுதுங்கள்.

சில குடும்பங்களுக்கு வேலை கிடைத்தது. ஆனால் அந்தப் பதிவேடே காலப்போக்கில் சுருங்கத் தொடங்கியது. இது இரண்டாவது வரிசை. ஓய்வுபெற்றவர்களின் இடங்கள் நிரப்பப்படாமல் போக, ஒரு காலத்தில் இருபதாயிரத்தை நெருங்கிய நிரந்தர ஊழியர் எண்ணிக்கை பாதியளவுக்கு இறங்கியது. வேலை குறைந்ததால் வந்த இறக்கமல்ல இது. அதே சுரங்கத்தில், அதே கொதிகலனடியில், அதே சாம்பல் குழாயருகே ஒப்பந்தத் தொழிலாளர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த வேலையைச் செய்தார்கள். இன்கோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கத்தில் சேர்க்கப்பட்டவர்கள் ‘சொசைட்டி தொழிலாளி’ ஆனார்கள். அதற்குக் கீழே சாதாரண காண்ட்ராக்ட் தொழிலாளி. ஒரே தொழிற்கூடத்தில் மூன்று படிகள், மூன்று சம்பளங்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய வேலைநிறுத்தங்கள் நெய்வேலியின் அண்மைக்கால வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் தொடர்ந்து நடக்கும் பணிகளில் ஒப்பந்த முறையை ஒழிக்க வழி வைத்திருந்தது. ஆனால் ஒழித்தாலும் அந்தத் தொழிலாளர்கள் தானாகவே நிரந்தர ஊழியர்களாகிவிட மாட்டார்கள் என்று இந்திய உருக்கு ஆணைய வழக்கில் 2001ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்பிறகு அவர்களுக்குப் பதிவேட்டின் வாசல் சட்டத்தால் திறக்கப்படும் என்ற நம்பிக்கை மங்கியது.

இந்தப் படிநிலையின் பொருள் என்ன என்பதை 2020ஆம் ஆண்டே காட்டியது. முதலாவது நிலையம் ஓய்வுபெற்ற அதே ஆண்டில், மே 7 அன்றும் ஜூலை 1 அன்றும், இரண்டாவது அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நடந்தன. இரண்டிலும் சேர்த்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களிலும் காயமுற்றவர்களிலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர். நிலக்கரி மின்சாரத்தின் ஆபத்தைச் சுமப்பதில் அவர்களுக்கு முழுப் பங்கு இருந்தது. மூடலின்போது மாற்றுவேலை பெறும் உரிமையில் அந்தப் பங்கு கிடையாது. அலகு நின்றால் நிரந்தர ஊழியருக்குப் பணிமாறுதல் உத்தரவு வரும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு எந்த உத்தரவும் வராது. டெண்டர் புதுப்பிக்கப்படாது, அவ்வளவுதான். ஆட்குறைப்பு என்று எந்த ஆவணத்திலும் பதிவாகாமல் ஒரு ஆட்குறைப்பு நடந்து முடியும். யாரும் வேலையிழக்கவில்லை என்று ஒரு நிறுவனம் மனதாரச் சொல்ல முடிவது இதனால்தான்.

மூன்றாவது வரிசை தண்ணீரில் இருக்கிறது. இது பலர் கண்ணில் படுவதில்லை. நெய்வேலி நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு ஊற்றுநீர் தேங்கியிருக்கிறது. அதை இறைக்காமல் வெட்டினால் சுரங்கத்தின் அடித்தளமே உடைந்து வெள்ளம் வந்துவிடும். ஆகவே சுரங்கம் ஓடும் காலமெல்லாம் இரவும் பகலும் நீர் இறைக்கவேண்டும். ஒரு டன் நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்கும் மேற்பட்ட மேல்மண்ணையும் அகற்றவேண்டும். நிலத்தடி நீர்மட்டம் இறங்கியது என்பது சுற்றுவட்டார விவசாயிகளின் நெடுநாள் புகார். அதே நேரத்தில் இறைத்த நீர் வாய்க்கால்கள் வழியே வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய், கீழ்ப்பகுதி வயல்களுக்குப் பாய்கிறது. சுரங்கத்தால் கிணறு வற்றியவரும் இங்கே இருக்கிறார், சுரங்க நீரால் போகம் எடுப்பவரும் இருக்கிறார். சுரங்கம் நின்று மோட்டார்கள் அணைந்தால் நிலத்தடி அழுத்தம் மெல்லத் திரும்பும், பள்ளங்களில் நீர் நிறையும், வாய்க்கால் வறளும். யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்பதே தலைகீழாகும். மூடலால் பாதிக்கப்படுவோர் பட்டியலை ஊழியர் அலுவலகத்தில் மட்டும் தயாரிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்த விடுபடல் பழைய காலத்து அறியாமை என்று தள்ளிவிட முடியாது. 2013ல் நாடாளுமன்றம் இயற்றிய நிலமெடுப்புச் சட்டம், ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்பதற்குப் பட்டாவைத் தாண்டி விளக்கம் தந்தது. நிலமே இல்லாவிட்டாலும், மூன்று ஆண்டுகளாக அந்தப் பகுதியில் உழைத்துப் பிழைத்த விவசாயக் கூலிகள், குத்தகைதாரர்கள், வாரச் சாகுபடி செய்பவர்கள், கைவினைஞர்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். சமூகத் தாக்க மதிப்பீடும் கட்டாயமானது. ஆனால் தமிழ்நாட்டில் தொழில் தேவைக்கான நிலமெடுப்பு 1997ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. அந்தச் சட்டத்தைப் புதிய சட்டத்தின் நடைமுறைகளிலிருந்து காக்க 2014ல் மாநிலம் திருத்தம் செய்தது. இழப்பீட்டு, மறுவாழ்வு விதிகள் மட்டும் பொருந்தும், சமூகத் தாக்க மதிப்பீடு பொருந்தாது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. அதே ஆண்டு மாநிலம் இன்னொரு சட்டம் கொண்டுவந்து உயிர்ப்பித்தது. 2021ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. இதன் விளைவை 2023 ஜூலையில் வளையமாதேவி கிராமம் காட்டியது. பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்க்காக, பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டும் விவசாயம் தொடர்ந்துகொண்டிருந்த நிலத்தில், கதிர் பிடிக்கும் பயிரின் மீது மண்வெட்டி எந்திரங்கள் இறங்கின. போராட்டம் வெடித்தது, பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நிலம் கம்பெனியின் பெயரில் இருந்தது, பயிர் விவசாயியின் கையில் இருந்தது. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதிவைக்க யாரும் முனையாததால்தான் அந்த நாள் அப்படி முடிந்தது.

இதே கம்பெனி தூய ஆற்றலிலும் முன்னோடி என்று சொல்லிக்கொள்ள உரிமை உடையது. மத்திய பொதுத்துறை நிறுவனங்களில் 1,000 மெகாவாட் சூரிய மின்திறனை எட்டியவற்றில் அது முதல் வரிசை. 2030க்குள் 10,000 மெகாவாட் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்பது அதன் இலக்கு. அதற்கென்று தனித் துணை நிறுவனமும் உண்டு. ஆனால் சூரியத் தகடுகளில் பெரும்பகுதி எங்கே நிற்கிறது என்று பார்க்கவேண்டும். ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி என்று தென் மாவட்டங்களில். காற்றாலைகளும் அந்தப் பக்கத்திலேயே. நெய்வேலியிலும் 130 மெகாவாட் உண்டுதான். வெயிலும் காற்றும் தரிசு நிலமும் மிகுந்த இடத்துக்கு மின் நிறுவனம் போவது பொருளாதாரப்படி சரி. ஆனால் வேலைவாய்ப்பில் அனல்மின் நிலையம் வேறு. அதைக் கட்டியெழுப்பும்போதும் ஓட்டும்போதும் ஆட்கள் வேண்டும், சுரங்கம் வேண்டும், ஊர் வேண்டும். சூரியப் பூங்கா கட்டும் சில மாதங்கள் கூலி தருகிறது. பிறகு தகடு துடைக்கவும் காவல் காக்கவும் சிலர் போதும். ஆகவே கம்பெனியின் கணக்கேட்டில் ஒரு மெகாவாட் போய் இன்னொரு மெகாவாட் வருவது மாற்றம்தான்; நெய்வேலி இருக்கும் கடலூர் மாவட்டத்தின் கணக்கேட்டில் அது இழப்பு. தூய ஆற்றலுக்கு மாறிவிட்டோம் என்று நிறுவனம் சொல்லும் அதே ஆண்டில் மந்தாரக்குப்பத்துக் கடைவீதி காலியாகலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணில்லை.

பழுப்பு நிலக்கரி ஊர்கள் உலகில் வேறெங்கும் இதைச் சந்திக்காமல் இல்லை. ஆஸ்திரேலியாவின் லட்ரோப் பள்ளத்தாக்கு நெய்வேலிக்கு நெருங்கிய உறவு. அங்கேயும் திறந்தவெளிச் சுரங்கம். அங்கேயும் 1921ல் தொடங்கிய அரசு மின் ஆணையம் சுரங்கத்தையும் மின் நிலையத்தையும் யாலோர்ன் என்ற நகரியத்தையும் உருவாக்கியது. பிறகு அந்த ஊரின் அடியில் இருந்த நிலக்கரிக்காக ஊரையே இடித்தது. 1990களில் ஆணையம் தனியாரிடம் விற்கப்பட்டு வேலைகள் பெருமளவில் மறைந்தன. 1,600 மெகாவாட் ஹேஸல்வுட் நிலையத்தை மூடப்போவதாக 2016 நவம்பர் 3 அன்று அறிவித்த உரிமையாளர்கள் 2017 மார்ச் இறுதியில் மூடினார்கள். ஐந்து மாத அவகாசம்! வேலையிழந்த ஏறத்தாழ 750 பேரில் 300 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அரசு அவசரமாக ஒரு பள்ளத்தாக்கு ஆணையம் அமைத்தது. பக்கத்து மின் நிலையங்களில் மூத்த தொழிலாளர்கள் முன்கூட்டியே ஓய்வுபெற, அந்த இடங்களுக்கு ஹேஸல்வுட்காரர்களை மாற்றும் திட்டம் வந்தது. நல்ல யோசனை, ஆனால் காலம் போதவில்லை, 150 பேரை மாற்றும் இலக்கு எட்டப்படவில்லை. அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான், மூடுவதாக இருந்தால் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கவேண்டும் என்று மின் சந்தை விதி திருத்தப்பட்டது.

தென்னாப்பிரிக்காவின் கொமாட்டி இன்னும் கூர்மையான பாடம். நெய்வேலியின் முதல் அலகுக்கு ஓராண்டு முன்னால், 1961ல் ஓடத் தொடங்கிய அந்த 1,000 மெகாவாட் நிலையத்தின் கடைசி அலகு 2022 அக்டோபர் 31 அன்று நிறுத்தப்பட்டது. அரசு மின் நிறுவனமான எஸ்காம் அதை நியாயமான மாற்றத்தின் முன்மாதிரியாக அறிவித்திருந்தது. அதைச் சூரிய, காற்று, சேமிப்பு மின்கல மையமாக மாற்ற உலக வங்கி 49.7 கோடி டாலர் ஒப்புதல் தந்தது. அந்த ஒப்புதல் வந்தது நவம்பரில், கடைசி அலகு நின்ற பிறகு. நிரந்தர ஊழியர்கள் வேறு நிலையங்களுக்கு மாற்றப்பட்டார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களும் அவர்களை நம்பிய சிறு கடைகளும் வாடகை வீடுகளும் உடனே அடிவாங்கின. பணமும் நல்லெண்ணமும் இருந்தன. பட்டியலும் காலக்கெடுவும் இல்லை. நெய்வேலி, ஹேஸல்வுட், கொமாட்டி ஆகிய மூன்று இடங்களில் மூன்று அரசியல் அமைப்புகள், வெவ்வேறு வகை உடைமைகள். மூன்றிலும் விடுபட்டவர்கள் ஒரே மாதிரியானவர்கள். ஆகவே இது ஒரு நிர்வாகத்தின் கல்நெஞ்சால் விளைவதென்று சொல்ல முடியாது. பதிவேட்டை மட்டும் வைத்துத் திட்டமிடும் முறையே இந்த விளைவைத் தருகிறது.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. நெய்வேலியை யாரும் மூடவில்லையே? இன்னும் பல பத்தாண்டுகளுக்கு நிலக்கரி இருக்கிறது. இரண்டாவது நிலையத்தை ஒட்டி 1,320 மெகாவாட் புதிய பழுப்பு நிலக்கரி அலகுகளும் திட்டத்தில் உள்ளன. இப்போதே சாவைப் பேசுவானேன்? நிலக்கரி இருப்பது உண்மை; ஆனால் நிலக்கரி தீர்வதற்கு முன்பே நிலம் தீர்ந்துவிடலாம். 2020ல் காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டமாக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய மூன்று தொகுதிகளை எதிர்ப்புக்குப் பிறகு மத்திய அரசு ஏலத்திலிருந்து விலக்கிக்கொண்டது. வளையமாதேவியும் அதே ஆண்டில் நடந்ததுதான். பூமிக்கடியில் எத்தனை கோடி டன் என்பதைவிட, மேலே இருக்கும் மக்கள் எவ்வளவு விட்டுக்கொடுப்பார்கள் என்பதே சுரங்கத்தின் ஆயுளை இனி முடிவுசெய்யும். அதோடு, 2070ல் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்குவோம் என்று 2021ல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் இந்தியா வாக்குக் கொடுத்திருக்கிறது. முதல் நிலையம் 58 ஆண்டுகள் ஓடியது. இன்று கட்டும் நிலையம் அவ்வளவு ஓடினால் அந்த ஆண்டைத் தாண்டிவிடும். அதாவது புதிய அலகு ஒவ்வொன்றும் மூடும் தேதியைச் சுமந்துகொண்டே பிறக்கிறது. இருபது முப்பது ஆண்டு அவகாசம் இருப்பது இப்போது பேசாமலிருக்கக் காரணமாகாது. ஹேஸல்வுட்டுக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.

இரண்டாவது மறுப்பு சட்டத்தின் மொழியில் வரும். ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். கூலி விவசாயிகள் வருவாய்த் துறையின் விவகாரம். மின் நிறுவனம் மின்சாரம் தயாரிக்கப் பிறந்தது. ஆனால் அதே 1970ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளியே தரவேண்டும் என்று 21ஆம் பிரிவில் விதித்தது. இடைத்தரகர் ஒருவர் நடுவில் நிற்பதால் வேலை வாங்கியவரின் பொறுப்பு மறைந்துவிடாது என்பது அதன் அடிப்படை. இன்றைய கூலிக்குப் பொருந்தும் அந்த நியாயம், இருபது ஆண்டு உழைப்புக்குப் பிறகு வேலை மறையும் நாளுக்குப் பொருந்தாது என்பதற்கு என்ன காரணம் சொல்ல முடியும்? கூலி விவசாயிகளைப் பொறுத்தவரை, அவர்களைக் கணக்கில் எடுக்கவேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது. சுரங்கம் வந்தபோது இழந்தவர்களைக் கணக்கெடுக்கப் பொருந்தும் வரையறை, சுரங்கம் போகும்போது இழப்பவர்களைக் கணக்கெடுக்கவும் பொருந்தும். புதிய கோட்பாடு எதுவும் தேவைப்படவில்லை. இருக்கும் கோட்பாட்டை மறுமுனைக்கும் நீட்டினால் போதும்.

மூன்றாவது, பணம் யார் தருவது என்ற கேள்வி. ஒன்றின் முடிவுக்கான செலவை அதன் வாழ்நாளிலேயே சேர்த்துவைப்பது இந்திய மின் துறைக்குப் பழகிய வழக்கம்தான். அணுமின் நிலையங்களைக் கடைசியில் கழற்றிப் பிரிக்கும் செலவுக்காக யூனிட்டுக்கு 2 பைசா மின் விலையோடு வசூலிக்கப்படுகிறது. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடலுக்கான தொகையை ஆண்டுதோறும் தனிக் கணக்கில் போடவேண்டும் என்பது 2009லிருந்து நிலக்கரி அமைச்சகத்தின் விதி. இவை எந்திரத்துக்கும் பள்ளத்துக்கும்; மனிதர்களுக்கு இதுபோல ஒன்று வைப்பதில் கணக்குச் சிக்கல் இல்லை. நெய்வேலியில் கம்பெனிக்கு இப்போதுள்ள பழுப்பு நிலக்கரி மின்திறன் 3,390 மெகாவாட். ஆண்டில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு அது ஓடினால் ஏறத்தாழ 2,000 கோடி யூனிட். யூனிட்டுக்கு 5 பைசா ஒதுக்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி ரூபாய்; இருபது ஆண்டில், வட்டியை விட்டுவிட்டாலும், 2,000 கோடி. அந்த 5 பைசாவைத் தமிழ்நாடு மட்டும் சுமக்காது. கேரளமும் கர்நாடகமும் ஆந்திரமும் தெலங்கானாவும் புதுச்சேரியும் நெய்வேலி மின்சாரத்தை வாங்குகின்றன. இத்தனை ஆண்டுகள் கடலூர் மாவட்டத்தின் நிலத்தில் தங்கள் விளக்கை எரித்தவர்கள் அந்த மாவட்டத்தின் அடுத்த கட்டத்துக்குப் பைசாக் கணக்கில் பங்களிப்பதை அநியாயம் என்று சொல்ல முடியாது. ஏழை நுகர்வோருக்கு இது சுமையாகும் என்பது உண்மையான கவலைதான். குறைந்த பயன்பாட்டு வீடுகளை விலக்கிவைக்க மின் கட்டண அடுக்குகளிலேயே வழி இருக்கிறது.

நான்காவது மறுப்பை நிர்வாக அனுபவம் உள்ளவர்கள் எழுப்புவார்கள்: இப்படிப் பட்டியல் போடத் தொடங்கினால் அதற்கு முடிவே இருக்காது, போலிகள் நுழைவார்கள், அரசியல் புகுந்து கெடுக்கும். புகும்தான். 2022ல் 299 பொறியாளர் பயிற்சிப் பணிகளுக்குத் தேர்வானவர்களில் தமிழ்நாட்டவர் விரல்விட்டு எண்ணும் அளவே என்ற செய்தி வந்ததும், முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு அது வளர்ந்தது. நெய்வேலியில் யாருடைய பெயர் எந்தப் பட்டியலில் என்பது எப்போதும் அரசியலே. ஆனால் பட்டியல் போடாமல் விட்டதால் அரசியல் குறைந்ததா? நிலம் கொடுத்தவர் யார், எப்போது கொடுத்தார், வேலை பெற்றாரா இல்லையா என்பதைப் பற்றிய தகராறு மூன்றாம் தலைமுறைக்கும் நீண்டதற்குக் காரணம், அன்று சரியான ஏடு இல்லாததுதான். போலிகள் நுழைவது நெருக்கடி நேரத்தில் அவசரமாக எழுதப்படும் பட்டியலில். வருங்கால வைப்பு நிதிக் கணக்கு, நுழைவுச் சீட்டு, கிராமக் கணக்கு, நூறு நாள் வேலை அட்டை ஆகியவற்றை ஒப்பிட்டு, கிராமசபையில் படித்து, ஆண்டுதோறும் திருத்தும் பட்டியலில் ஏமாற்றுவது கடினம். அதற்குத் தேவைப்படுவது காலம். அது நெய்வேலியிடம் இன்னும் இருக்கிறது.

அப்படியானால் ஒரு மின் நிறுவனத்தின் நியாயமான மாற்றுத் திட்டம் எந்த வரிசையில் அமையவேண்டும் என்பதை இந்த வரலாறே சொல்லிவிடுகிறது. முதலில் பட்டியல்: நிரந்தரம், சொசைட்டி, காண்ட்ராக்ட் என்ற மூன்று படிகளோடு, நிலம் கொடுத்தவர், நிலத்தில் உழைத்தவர், சுரங்க நீரில் பயிரிடுபவர், நகரியத்தை நம்பிக் கடை வைத்தவர். அடுத்து தேதி: ஒவ்வொரு அலகும் எந்த ஆண்டில் நிற்கும் என்ற அறிவிப்பு, குறைந்தது பத்தாண்டுக்கு முன்னால். பிறகு நிலமும் நீரும்: மூடிய பள்ளத்தின் மீதும் தோண்டாத நிலத்தின் மீதும் யாருக்கு முதல் உரிமை, மோட்டார் நின்றபின் ஏரிகளுக்கு நீர் எங்கிருந்து வரும் என்ற முடிவு. அதன்பிறகே எத்தனை மெகாவாட் சூரிய மின்சாரம், அதில் எவ்வளவு கடலூர் மாவட்டத்தில் என்ற பேச்சு. இப்போது நடப்பது இதற்கு நேர்மாறு. மெகாவாட் இலக்கு முதலில் வருகிறது, மனிதர்கள் வந்தால் கடைசியில் வருகிறார்கள். 1956ல் நெய்வேலியை உருவாக்கியவர்களுக்கு ஒரு சமாதானம் இருந்தது: அன்றைய சட்டம் பட்டாவை மட்டுமே கண்டது, இப்படி ஒரு தொழில் எப்படி முடியும் என்று காட்ட முன்னுதாரணமும் இல்லை. இன்று சட்டத்தில் வரையறை இருக்கிறது, ஹேஸல்வுட்டும் கொமாட்டியும் நடந்து முடிந்திருக்கின்றன, யூனிட்டுக்கு எத்தனை பைசா என்ற கணக்கும் போட முடிகிறது. இனியும் அந்தப் பெயர்கள் எழுதப்படாமல் போனால், தெரியாமல் விட்டுவிட்டோம் என்று எந்த நிர்வாகமும் சொல்ல முடியாது.